கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம்

மலேசியாவில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. பள்ளி விடுமுறைதான் நமக்குக் கோடை. மே மாத இறுதியில் பள்ளிக்கூடம் அடைத்ததும் கேமரன் மலையா, லங்காவியா, போர்ட்டிக்சனா என்று ஒவ்வொரு வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் வாக்கெடுப்பு தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் இந்த முறை மலையும் வெல்லவில்லை, கடலும் வெல்லவில்லை. திரங்கானு மாநிலத்தின் கென்யிர் ஏரி வென்றது. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சாலே வீடு, இரண்டு இரவு, மூன்று பகல். அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் 13 வயது மகன், என் கணவர், 6 வயது மகள், நான் என ஏழு பேர்.

கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதனால் மே, ஜூன் மாதங்களில் தைரியமாகப் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மழைக்காலம் இல்லைதான். ஆனால் இடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாட்கள் இடி முழக்கம் கேட்கிறது. உலகில் அதிகமாக இடி இடிக்கும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. இங்கே ஒரு தமிழ் வானொலிக்கே மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நான் வேலை பார்ப்பதும் வானொலியில்தான். "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்ற வாக்கியத்தைக் காலை நிகழ்ச்சியில் நூற்றுக்கணக்கான முறை வாசித்திருக்கிறேன். சாலை நெரிசல் தகவலுக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் நடுவே நான்கு விநாடியில் முடிந்துவிடும். அந்த நான்கு விநாடி கென்யிரில் எங்களுக்கு இரண்டரை மணி நேரமாக நீண்டது.

மலையுச்சிகள் தீவுகளான இடம்

கோலாலம்பூரிலிருந்து காராக், குவாந்தான் வழியாகக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் போய், குவாலா பெராங் பக்கம் திரும்பினால் பெங்காலான் காவி படகுத்துறை வரும். நின்று பசியாறிப் போனால் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சாலை இல்லை, படகுதான். கைத்தொலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே போனோம். எங்கள் விடுதி வரும்போது ஒன்றுமே மிஞ்சவில்லை.

கென்யிர் இயற்கையான ஏரி அல்ல. சுல்தான் மஹ்முட் நீர்மின் நிலையத்துக்காக ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். 1985இல் வேலை முடிந்தது. பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போயின, குன்றுகளின் தலைகள் மட்டும் வெளியே நின்றன. இன்று நாம் தீவு என்று பெயர் சொல்லும் 340 இடங்களும் அப்படி மிஞ்சிய உச்சிகள்தாம். நீர்ப்பரப்பு ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவைவிடக் கொஞ்சம் சிறியது, சிங்கப்பூரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

மூழ்கிய காட்டின் மரங்கள் இன்னும் நிற்கின்றன. இலையில்லாமல், கிளையில்லாமல், வெளுத்துப்போன பட்டமரங்கள் தண்ணீரிலிருந்து விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். காலைப் பனியில் பார்க்க அழகாக இருக்கும். படம் எடுக்காதவர்கள் இல்லை. ஆனால் தெரிகிற மரம் ஒன்று என்றால் தண்ணீருக்கு ஓரடி கீழே மறைந்திருக்கும் மரம் பத்து இருக்கும். அதனால்தான் பழகிய படகோட்டி இல்லாமல் அங்கே யாரும் படகெடுப்பதில்லை.

எங்களுக்குக் கிடைத்த படகோட்டி அறுபதை நெருங்கும் மலாய்க்காரர். விடுதியில் எல்லோரும் அவரைப் 'பாக் சூ' என்று கூப்பிட்டார்கள். திரங்கானுவில் கடைசிச் சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்வார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அதிகம் பேசமாட்டார். பாதுகாப்பு அங்கியின் வாரை ஒவ்வொருவருக்கும் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தை முடுக்குவார்.

வெயில் கடித்த பிற்பகல்

இரண்டாம் நாள் காலை நாசி டாகாங்கோடு தொடங்கியது. லாசிர் நீர்வீழ்ச்சிக்கு எட்டரை மணிக்கே புறப்படவேண்டும் என்று பாக் சூ சொல்லியிருந்தார். விடுமுறையில் எட்டரையா என்று அக்கா முணுமுணுத்தாள். நீர்வீழ்ச்சி வேலை எல்லாம் நண்பகலுக்கு முன்பே முடித்துவிடவேண்டும் என்பது அவருடைய சட்டம். மலைக்கு மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கும். 'கெப்பாலா ஆயர்' என்று நாம் செய்திகளில் கேட்பது அதுதான். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கூடினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறிவிடவேண்டும்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட்டோம். பொரித்த லம்பாம் மீன், சம்பால், அம்மா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை ஊறுகாய். சாப்பிட்ட பிறகு வெயில் சுள்ளென்று கடித்தது. ஒரு இலை அசையவில்லை. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இப்படிப் புழுங்கினா சும்மா விடாது" என்றார்.

அம்மா சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. காலை முழுதும் வெயில் தரையையும் நீரையும் சூடாக்குகிறது. ஈரம் நிறைந்த காற்று மேலே எழுகிறது. சுற்றிலும் மலை இருந்தால் அது இன்னும் வேகமாக ஏறும். ஏறிய ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. நம் வட்டாரத்தில் இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலும் வளரும். அதன் உச்சியில் பனிக்கட்டிதான். கோடிக்கணக்கான பனித்துகள்கள் மேலும் கீழும் போய் ஒன்றோடொன்று உராயும்போது மின்னூட்டம் பிரிந்து சேர்கிறது. தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்ததும் மின்னலாகப் பாய்கிறது.

இரண்டு மணிக்கு என் கணவரும் அக்கா மகனும் பாக் சூவோடு தூண்டில் போடக் கிளம்பினார்கள். தோமான் பிடிக்கவேண்டும் என்பது பையனுடைய கனவு. நம் விரால் மீனின் பெரிய அண்ணன் அது. "அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவோம் சித்தி, சட்டியை அடுப்புல வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான். பட்டமரங்கள் நிற்கும் ஓர் உள்வளைவை நோக்கிப் படகு போனது. திறந்த படகு, மேலே கூரை இல்லை.

மேற்கு மலைக்குப் பின்னால் காலிஃபிளவர் பூத்தது போல ஒரு வெள்ளை மேகம் நின்றுகொண்டிருந்தது. மகள்தான் அதை முதலில் காட்டினாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அதன் அடி சாம்பல் நிறமாகியிருந்தது. 2.55க்கு எங்கோ தூரத்தில் மேசையை நகர்த்தியது போல ஒரு சத்தம் கேட்டது.

அர்ஜுனா, அர்ஜுனா

3.10க்குக் காற்று வந்தது. புழுக்கத்தின் நடுவே யாரோ குளிர்பெட்டியைத் திறந்துவிட்டது போல ஜில்லென்று ஒரு காற்று. மழைக்கு முன்னால் வரும் அந்தக் காற்று மேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்க்காற்று. "அப்பா, என்ன சுகம்!" என்று நாற்காலியை நீர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறோமே, உள்ளே போகவேண்டிய நேரமே அதுதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது நீரோரத்து வக்காஃபில். நான்கு கால், ஒரு கூரை, சுவர் கிடையாது. விடுதியில் வேலை பார்க்கும் இளம்பெண் ஓடி வந்து எங்களை எழுப்பினாள். வக்காஃப் மழைக்குத்தான், இடிக்கு இல்லை என்றாள். செங்கல் சுவர் வைத்த வரவேற்புக் கட்டடத்துக்குள் எல்லோரையும் கூட்டிப் போய்ச் சன்னல்களை அடைத்தாள். எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஏரியின் மறுகரை கண் முன்னாலேயே அழிந்து மறைந்தது. பிறகு மழை வந்தது.

மகள் பயந்துவிடக்கூடாது என்று ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கவேண்டும், இடி கேட்டதும் நிறுத்தவேண்டும். ஒளி உடனே வந்துவிடும், ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி எடுக்கும். எண்ணியதை மூன்றால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். முதலில் பதினைந்து வந்தது, ஐந்து கிலோமீட்டர். பிறகு ஒன்பது. பிறகு ஆறு. மூன்று வந்தபோது அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் மடியில் ஏறிக்கொண்டாள்.

அடுத்தது எண்ண இடம் கொடுக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே வந்தன. விளக்கு அணைந்தது. மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது, சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிவதைத்தான் இடி என்கிறோம். படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தபோது படித்தது எதுவும் ஞாபகம் வரவில்லை.

இருட்டில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "அர்ஜுனா, அர்ஜுனா, அர்ஜுனா."

"யாரு பாட்டி அர்ஜுனா?" என்றாள் மகள்.

"இந்திரனோட மகன்டா கண்ணு. இடியைக் கையில வச்சிருக்கிறவரு இந்திரன். பிள்ளை பேரைச் சொன்னா அப்பன் கொஞ்சம் தள்ளிப் போடமாட்டானா?"

அந்த இருட்டிலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிள்ளை தண்ணீரில் இருந்தான்.

மரத்தை நோக்கி ஓடியவர்கள்

வரவேற்பு மேசையில் ஒரு வாக்கி-டாக்கி இருந்தது. அந்தப் பெண் இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை, கரகரப்புதான். வானொலிக்காரர்களுக்கு மிகப் பெரிய பயம் மௌனம். ஒலிபரப்பில் ஐந்து விநாடி சத்தம் இல்லாமல் போனாலே கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவோம். இங்கே மணிக்கணக்கில் மௌனம்.

அம்மா அந்தக் கரகரப்பைக் கேட்டதும் பழைய வானொலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்துப் பெட்டிகளில் மத்திய அலையில்தான் தமிழ் நிகழ்ச்சி வரும். தூரத்தில் மின்னினாலே பாட்டுக்கு நடுவே 'சடசட' என்று கேட்கும். மேகம் கண்ணுக்குத் தெரியும் முன்பே வானொலி சொல்லிவிடும். கொடியில் கிடக்கும் துணியை எடுக்க அம்மாவின் அம்மா அதை வைத்துத்தான் குரல் கொடுப்பாராம். மின்னல் என்பதே ஒரு பெரிய ரேடியோ அலை வீச்சு. பழைய பெட்டிகள் அதை அப்படியே பிடித்துக் காட்டின.

"அப்போல்லாம் இடி இடிச்சா வீட்டுக்குள்ள ஓடிடுவீங்களா பாட்டி?"

அம்மா கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "மத்தவங்க வீட்டுக்கு ஓடுவாங்க. நாங்க மரத்துக்கு ஓடுவோம்."

விடியலில் பெரட்டுக்குப் போய், இருட்டோடு மரம் சீவி முடித்தால், பால் சொட்டி மங்கு நிறைய நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் வானம் இருண்டால் மழை மங்குக்குள் விழுந்து பால் கெட்டுவிடும். பால் கெட்டால் அன்றைய உழைப்பு போயிற்று. அதனால் இடி கேட்டதும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஓடுவார்களாம். மரத்தடியில் நிற்காதே என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டம் முழுக்க மரம்தானே!

"பொறு, போகாதேன்னு யாரும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"பொறுன்னு சொன்னா அந்த நாள் சம்பளத்தை யாரு குடுப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு அறையில் யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

மழை நின்றது, படகு வரவில்லை

4.20க்கு மழை விட்டது. வந்தது போலவே சட்டென்று போய்விட்டது. மேற்கில் ஒரு கீற்று வெயில் விழுந்து ஏரி பளபளத்தது. மற்ற குடும்பத்துப் பிள்ளைகள் வெளியே ஓடப் பார்த்தார்கள். அந்தப் பெண் கதவருகே நின்று, "துங்கு டுலு" என்றாள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்கப் பொறுமை இல்லை. மழைதான் விட்டுவிட்டதே, ஏன் இன்னும் வரவில்லை? அக்கா வேறொரு படகை அனுப்பச் சொன்னாள். அத்தான் பணம் எவ்வளவானாலும் கொடுக்கிறேன் என்றார். விடுதியின் பொறுப்பாளர் எங்களைப் பார்த்து, பின்னால் மலையைக் காட்டினார். அங்கே இன்னும் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. படகை இப்போது அனுப்பினால் மூன்று பேருக்குப் பதில் நான்கு பேரைத் தேடவேண்டியிருக்கும் என்றார். குரலை உயர்த்தவில்லை. இடமும் கொடுக்கவில்லை.

4.30. 4.40. கடைசி இடி 4.45க்குக் கேட்டது. மெல்லிய சத்தம், லாரி ஒன்று பாலத்தைக் கடப்பது போல. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. மழைக்குள் இருந்தபோது மழையைக் குற்றம் சொல்ல முடிந்தது. இப்போது ஏரி கண்ணாடி போலக் கிடந்தது, பறவைகள் கத்தின, எல்லாம் சரியாக இருந்தது, படகைத் தவிர. அம்மா அர்ஜுனனை விட்டுவிட்டு முருகனிடம் போயிருந்தார்.

5.20க்கு வளைவைச் சுற்றி ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளியில் மூன்று தலைகள். அக்கா படகுத்துறையின் ஈரப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். 2.55க்கு நாங்கள் கேட்ட அந்த முதல் உறுமலை பாக் சூவும் கேட்டிருக்கிறார். அப்போது அங்கே வெயில். பையனுடைய தூண்டிலை ஒரு மீன் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நூலை வெட்டச் சொல்லிவிட்டார். பையன் அழாத குறை. அடுத்த வளைவில் கரையோரமாகக் கட்டியிருந்த ஒரு பெரிய படகு வீட்டுக்கு இருவரையும் கொண்டுபோய், நான்கு பக்கமும் அடைத்த அறைக்குள் உட்கார வைத்திருக்கிறார். திறந்த படகைவிட அது எவ்வளவோ மேல். மழை விட்ட பிறகு என் கணவர் கிளம்பலாமா என்று கேட்டபோது அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். துங்கு டுலு. கடைசி இடி கேட்ட பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் வைத்திருக்கிறார்.

"வானம் வாயை மூடினதும் நாமும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அது பேசி முடிச்சிடுச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?" இவ்வளவுதான் அவருடைய விளக்கம். மலாயில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

அந்த அரை மணி நேரம் ஏன்?

பாக் சூ வைத்த கணக்கும் உலகெங்கும் வானிலைத் துறைகள் சொல்லும் கணக்கும் ஒன்றே. இடி கேட்டால் உள்ளே போ, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதே. காரணம், மழைக்கோடும் மின்னல் கோடும் ஒன்றல்ல. இடிமேகத்திலிருந்து பக்கவாட்டில் பாயும் மின்னல், மழை பெய்யும் இடத்தைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர்கூடப் போய் விழும். இடி நம் காதுக்கு எட்டும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே இடி கேட்கிறது என்றாலே நாம் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறோம், தலைக்கு மேலே நீலவானமாக இருந்தாலும். மின்னலால் பாதிக்கப்படுகிறவர்களில் பலர் கொட்டும் மழையில் அகப்பட்டவர்கள் அல்ல. மழை வருவதற்குள் இன்னும் ஐந்து நிமிடம் என்று நின்றவர்களும், மழை விட்டதும் முதலில் ஓடிப் போனவர்களும்தான்.

ஏரியில் இது இன்னும் கூர்மையாகும். பரந்த நீர்ப்பரப்பில் மின்னல் தேடுவது உயரமான பொருளை. பட்டமரம் ஒன்று. அதற்கு அடுத்தது, திறந்த படகில் நின்றுகொண்டு நீண்ட கார்பன் தூண்டிலை நிமிர்த்திப் பிடித்திருக்கும் மனிதர். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

• நீர் விளையாட்டு, நீர்வீழ்ச்சி, மலையேற்றம் எல்லாவற்றையும் காலையில் வையுங்கள். பிற்பகலைக் கேரம் பலகைக்கும் தூக்கத்துக்கும் விடுங்கள்.

• கிளம்பும் முன்பே, தொடர்பு இருக்கும்போதே, மெட்மலேசியாவின் 'மைச்சுவாச்சா' செயலியில் இடிமழை எச்சரிக்கையைப் பாருங்கள். சிங்கப்பூரில் 'மைஇஎன்வி' செயலி மின்னல் விவரம் தரும். ஏரிக்குள் போன பிறகு காதுதான் செயலி.

• வக்காஃப், கூடாரம், பேருந்து நிறுத்தம் போன்றவை மழைக்கு மட்டும். சுவரும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ள முழுக் கட்டடம் வேண்டும். இல்லாவிட்டால், சன்னலை ஏற்றிய கார்.

• உள்ளே இருக்கும்போது குளிக்கவேண்டாம், பாத்திரம் கழுவவேண்டாம், மின்னூட்டத்தில் செருகிய தொலைபேசியைத் தொடவேண்டாம். மின்சாரம் குழாய் வழியாகவும் கம்பி வழியாகவும் வரும்.

• வெட்டவெளியில் சிக்கிக்கொண்டால் முதலில் தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். தனிமரத்தடி கூடாது, தரையில் படுப்பதும் கூடாது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளாமல் இடைவெளி விட்டு, கட்டடத்தை நோக்கி நகருங்கள்.

• கரையை எட்ட முடியாத படகில் இருந்தால், தூண்டிலைக் கீழே படுக்கவைத்துவிட்டு, தாழ்வாக உட்காருங்கள். கை நீரில் படவேண்டாம். பாதுகாப்பு அங்கி உடம்பில் இருக்கட்டும்.

• மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தைரியமாகத் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கத் தொடங்குங்கள். பலர் அப்படிப் பிழைத்திருக்கிறார்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

பொறு என்று சொல்பவருக்குச் சம்பளம்

விதி எல்லோருக்கும் எளிதில் மனப்பாடமாகிவிடும். கடைப்பிடிப்பதுதான் கடினம். ஏனென்றால் பொறுத்திருக்கும் நேரத்துக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. சிங்கப்பூரின் பொது நீச்சல் குளங்களில் மின்னல் எச்சரிக்கை வந்ததும் எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறார்கள். அங்கே பொறு என்று சொல்வது அமைப்பின் வேலை. ஏரியில், ஆற்றில், தீவுக்குப் போகும் படகில் அந்த வேலையை ஒரு தனிமனிதர் செய்கிறார். பெரும்பாலும் பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அவர். அன்று பாக் சூ காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் இன்னொரு குழுவை ஏற்றிப் போயிருந்தால் அவருக்கு இன்னொரு பயணக் கூலி கிடைத்திருக்கும். எதிரே நாம் நிற்கிறோம். நமக்கு நாளை காலை வேலை, ஆறு மணிக்குள் நெடுஞ்சாலையைப் பிடிக்கவேண்டும், பிள்ளைக்கு டியூஷன். "கொஞ்சம் தூறல்தானே அண்ணே, போயிடலாமே" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்வது தினக்கூலிக்காரருக்கு எளிதல்ல.

ரப்பர் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்குச் சம்பளம் இருந்ததில்லை. அதனால் இடியைக் கேட்டு மரத்துக்கு ஓடினார்கள். நாம் இன்று அந்த நெருக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்ட தலைமுறை. விடுமுறைக்குப் பணம் கட்டிப் போகிறோம். பணம் கொடுக்கும் இடத்தில் நிற்கும்போது, அதே நெருக்கடியை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடாமல் இருக்க நம்மால் முடியும்.

அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். விடுதிக்கு முன்பதிவு செய்யும்போது குளிரூட்டி உண்டா, காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்கிறோம் அல்லவா? அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: இடி இடித்தால் படகை நிறுத்துவீர்களா, காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு? திரும்பும் நாளில் மாலை நேரத்தைக் காலியாக விடுங்கள். படகில் ஏறும்போதே, "பாக் சூ, நீங்க எப்போ சொல்றீங்களோ அப்போ போகலாம், காத்திருந்தா அதுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் கையில் இருக்கும் கடிகாரத்துக்குத் தைரியம் கொடுக்கும்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு எந்த ஏரிக்கு, எந்த ஆற்றுக்கு, எந்தத் தீவுக்குப் போனாலும், உங்கள் பயணத் திட்டத்தில் 30 நிமிடத்தை எழுதாமல் வைத்திருங்கள். தேவைப்படாவிட்டால் ஒரு தேநீர் குடிக்கலாம். தேவைப்பட்டால், வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அதைவிட விலையுயர்ந்த அரை மணி நேரம் வேறு எதுவும் இல்லை.